வீட்டுக்கு ஒரு கால்

கொம்புமட்டம் நடக்கத் தொடங்கியது எந்த மழையில் என்று யாருக்கும் தெரியாது. தெரியவந்தபோது அது நன்றாகவே நடை பழகியிருந்தது. முதலில் கதவுகள் நிலையில் பொருந்தமாட்டேன் என்று அடம்பிடித்தன, அப்புறம் சுவர்களில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடியது, அப்புறம் ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் மரியசெல்வத்தின் மளிகைக் கடை எதிரே இருந்த குழாயடியை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சரிவில் இறங்கிப் போயிருந்தது. தேயிலைக்கு நடுவில் மலையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றைத் தெரு அது. கனமழை பெய்தால் மண்ணோடு சேர்ந்து நகரும், வெயில் அடித்தால் நிற்கும். அங்கே குடியிருந்தவர்களையோ அவர்களைப் பெற்றவர்களையோ ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள், அதனால் சுற்றுவட்டாரம் அதைக் கப்பல்காரர் தெரு என்று கூப்பிட்டது. காலுக்குக் கீழே தரை ஆடுவது அவர்களுக்குப் புதிதா என்ன? ஆடட்டும் என்று பால் விடாத சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

அரசாங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை. வருவாய் ஆய்வாளர் தணிகாசலம் வந்து, சமவெளியில் உங்களுக்கு அடுக்குமாடி வீடு தயாராக இருக்கிறது, மலையை நிறுத்த முடியாது, நீங்கள்தான் இறங்க வேண்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போவார், ஆனால் வரும்போதெல்லாம் சொன்னதையே சொல்வார். தெருவில் முதலில் அசைந்து கொடுத்தவன் யோகராணியின் கணவன் அருள்ராசு. அந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். அங்கே லிஃப்ட் இருந்தது. அப்புறம் அவன் வரவே இல்லை.

யோகராணி போகவில்லை. அவளிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளையும் காய்ச்சல்காரர்களையும் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஒரே வண்டி அதுதான், அதை ஓட்டுகிற ஒரே ஆளும் அவள்தான். பிறந்த ஊரிலிருந்து பிடுங்கப்பட்ட அவளுடைய அம்மா, இந்த மலையில்தான் மறுபடி தன் கையால் ஓர் அடுப்புப் போட்டாள், அந்த அடுப்பின் பக்கத்தில்தான் யோகராணி பிறந்தாள். இன்னொரு தடவை யாராவது வந்து இறங்கு என்றால் இறங்குவதில்லை என்று அவள் முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது.

"என்னயப் புடுங்கி இன்னொரு எடத்துல நட, நான் என்ன தேயிலக் கன்னா?" என்று கேட்டாள், பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார் பேச்சாயியிடம்.

"கன்னுன்னா பரவால்ல அண்ணி, நட்டதுக்கப்புறம் தண்ணியாச்சும் ஊத்துவாங்க" என்றாள் பேச்சாயி.

அந்த வருஷம் வைகாசியில் காரின் முன் பிரேக் கதற ஆரம்பித்தது. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பேடு தேய்ந்து, அதன் தகடு வெளியே வந்து டிஸ்க்கைச் சுரண்டி, டிஸ்க் முழுக்க வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. டவுன் மெக்கானிக் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதோடு மலையேறாதீர்கள், ஏறினால் இறங்கும்போது நிற்காது என்றார். ஆனால் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட ஒரு பெரியவர் பின் சீட்டில் வீடு போகக் காத்துக்கொண்டிருந்தார், அவள் ஏறிவிட்டாள். ஏறிய கார் இனி இறங்க முடியாது, விரிசல் விட்ட அந்தத் தெருவுக்கு ஏறிவர எந்த மெக்கானிக்கும் தயாராக இல்லை. மறுநாள் பஸ்ஸில் போய் இரண்டு டிஸ்க்கும் ஒரு செட் பேடும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்து, வண்டி நின்ற இடத்திலேயே, தன் வீட்டு வாசலிலேயே அவள் வேலையைத் தொடங்கினாள்.

"பொம்பள போட்ட பிரேக்கா! அந்த வண்டிப் பக்கமே நான் வர மாட்டேன்" என்று மரியசெல்வம் அறிவித்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வந்து சாயந்தரம் வரைக்கும் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை நெகிழ்த்தி, அப்புறம் பலகை மேல் ஜாக்கி வைத்துத் தூக்கினாள். ஜாக்கி ஏமாற்றினால் தாங்கட்டும் என்று கழற்றின சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்கவைத்தாள். பேடுகளைப் பிடித்திருந்த காலிபரின் துருவேறிய போல்ட் அசைய மறுத்தது. ஸ்பேனருக்கு ஒரு குழாயை மாட்டி, நம்மையெல்லாம் அசைக்கப் பார்க்கிறார்கள், நீ அசைய மாட்டாயா என்று திட்டிக்கொண்டே ஏறி மிதித்தாள், அது அசைந்தது. காலிபர் தன் ஆயில் ஹோஸில் தொங்கக்கூடாது என்று கயிற்றால் கட்டிவைத்து, ஒட்டிப்போயிருந்த பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தாள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பியிருந்த எண்ணெயைப் பெட்ரோல் துணியால் ஒரு பிசுக்கு இல்லாமல் துடைத்தாள், எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. பிறகு பேடைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே அழுத்தி, புதுப் பேடுகளை வைத்து, காலிபரைப் பூட்டி, அடுத்த பக்கத்துக்குப் போனாள். அந்தப் பக்கமும் முடிந்து சக்கரம் தரையிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது, தெரு வழக்கம்போல நகர ஆரம்பித்தது.

உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட வேண்டுமென்றால் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்தாள். பெடல் இறுகியது. தெரு நின்றது.

பேச்சாயியின் வீட்டில், மழை நாளில் அடுப்படியிலிருந்து கிளம்பி வாசல்வரை வருகிற தண்ணீர் அண்டா பாதி வழியில் நின்றது. யோகராணி இறங்கலாம் என்று காலை எடுத்தாள், அண்டா கிளம்பியது. என்ன சத்தம் என்று மறுபடி காலை வைத்தாள், அண்டா நின்றது. பேச்சாயி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பிரேக் புடிக்குதான்னு பாக்குறேன்."

"நல்லாப் புடிக்குது. காலை எடுத்துராதீங்க, எனக்கு ஒலையில சோறு வேகுது."

அப்படித்தான் அது ஆரம்பித்தது, அதற்கு மேல் அதில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அடுத்த மழைக்கு யார் மிதிப்பது என்பதல்லவா கேள்வி? கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டு, வீட்டுக்கு ஒரு கால் என்று முடிவு செய்தார்கள். மழை தூறினால் முறைக்காரர் வந்து டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும், செருப்புப் போடக்கூடாது, குடித்தவர் கால் செல்லாது. எஞ்சினை அணைத்தால் பெடல் கல்லாக இறுகும், அதனால் கனத்த கால்களுக்குத் தெருவில் திடீர் மரியாதை வந்தது. பெண் பார்க்கப் போனவர்கள் பாட்டுத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டுப் பாதத்தைப் பார்த்தார்கள். மிதித்துக்கொண்டே பூண்டு உரித்தார்கள், ஸ்வெட்டர் பின்னினார்கள், பின் சீட்டில் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்தார்கள். ஒருவர் காலை எடுக்கும் முன்னால் அடுத்தவர் கால் பெடலில் இருந்தாக வேண்டும் என்பதால், வேலித் தகராறில் வருஷக்கணக்காய் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு குடும்பங்கள் காலோடு கால் ஒட்டி உட்கார வேண்டிவந்தது, அதில் ஒரு தகராறு தீர்ந்தது, இன்னொன்று புதிதாக முளைத்தது. மழையில் கார் தெருவை விட்டுப் போக முடியாது, ஆகவே வெயில் நாளாகப் பார்த்து நோய்ப்படத் தெரு பழகிக்கொண்டது.

மண் நகர்வதை அளக்க மேலிடத்திலிருந்து கருவிகளோடு வந்தார்கள். கொட்டுகிற மழையில் கருவி, நகர்வு இல்லை என்று காட்டியது. கருவி பழுது என்று வேறொன்று கொண்டுவந்தார்கள், அதுவும் அதையே காட்டியது. தணிகாசலத்திடம் மரியசெல்வமே விஷயத்தைச் சொன்னார்.

"காரு பிரேக்ல மலை நிக்குதா?" என்று தணிகாசலம் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "நின்னா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மேல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

சும்மா ஓடிக்கொண்டிருந்த காரியத்தில் பக்தி வந்து புகுந்துகொண்டது. முதலில் யாரோ பானெட்டில் ஒரு பொட்டு வைத்தார்கள், அடுத்த வாரம் மாலை வந்தது, கண்ணாடியில் மரியசெல்வம் தன் பங்குக்கு ஒரு ஜெபமாலையை மாட்டினார். ஆடி பிறந்தபோது காருக்குப் பிரேக்கம்மா என்று பெயரே வந்துவிட்டது, வெளியூரிலிருந்து குடிகாரப் புருஷன்களை நிறுத்தித்தரச் சொல்லிப் பெண்கள் வந்து மடிப்பிச்சை ஏந்தினார்கள்.

"ஏய், இது காரு! தேயும், கெட்டுப்போகும், நாமதான் பாத்துக்கணும். கும்புடாதீங்க, கழுவுங்க!" என்று யோகராணி தொண்டை கிழியக் கத்தினாள். பார் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறாள் என்று அவளையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. எப்படியோ போய்த் தொலையட்டும் என்று இருந்துவிட்டாள், அதுதான் தப்பு.

ஆடி வெள்ளியன்று பேச்சாயியின் முறை. விடிந்ததும் வண்டியைச் சுற்றிக் கோலம் போட வந்தவள், சக்கரத்தின் இடைவெளியில் எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள். ஈரத்தில் நின்ற டிஸ்க் முழுக்கச் செம்பட்டையாகத் துருப் பூத்திருந்தது. ஈரம் பட்ட டிஸ்க் எல்லாவற்றிலும் அது பூக்கும், பெடலை நாலு தடவை மிதித்து வண்டியை உருட்டினால் போய்விடும். ஆனால் பேச்சாயி தேயிலைத் தோட்டத்துக்காரி. செடியின் தலையைக் கவ்வாத்து வெட்டி முடிந்ததும் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்காதவளைத் தோட்டத்தில் ஒரு மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். கத்திக்கே அப்படியென்றால் அம்மனின் இரும்புக்கு? வீட்டுக்கு ஓடிப்போய் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, துணியை நனைத்து, இரண்டு டிஸ்க்கிலும் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தாள். மிச்சத்தை அப்படியே அபிஷேகமாக ஊற்றினாள்.

மத்தியானம் மழை வந்தது. பேச்சாயி பெடலை மிதித்தாள், தெரு நிற்கவில்லை. சாமி பெயரைச் சொல்லி மிதித்தாள், நிற்கவில்லை. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கின, மரியசெல்வத்தின் கடைச் சுவர் அவர் மேலேயே சாய்ந்தது, நல்லவேளையாக அரிசி மூட்டைகள் தாங்கின, தோள்பட்டை விலகியதோடு போயிற்று. மழை விட்டபோதுதான் தெரு நின்றது. யோகராணி ஓடிவந்து சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து மோந்து பார்த்தாள்.

"யாரு எண்ணெ ஊத்துனது?"

பேச்சாயி காரை விட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்தாள். "துருப் புடிச்சிருந்துச்சு அண்ணி. கவ்வாத்துக் கத்திக்குப் போடுறோமே, ஆத்தாளுக்குப் போடாம விடலாமா?"

யோகராணி அடிக்கக் கை ஓங்கினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. "ஆத்தா எண்ணெ குடிப்பா. பிரேக் குடிக்காதுடி" என்றாள். எண்ணெய் ஊறிய பேடைக் கழுவி எடுக்க முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அழுதால் இறங்கச் சொல்கிறவர்களுக்கு வசதியாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன்பே தேயிலைக்குள் குறுக்கு வழியில் இறங்கி டவுனுக்குப் போனாள். புதுப் பேடைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது மெயின் ரோட்டில் பஸ்கள் வரிசையாக நின்றன. தணிகாசலம் மேலே வந்து வீடு வீடாகப் பேசிக்கொண்டிருந்தார். பாதித் தெரு மூட்டை கட்டிவிட்டது. கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டியிருந்த மரியசெல்வம் அவள் கண்ணைப் பார்க்காமல், "என்ன செய்யச் சொல்ற யோகராணி, உசுரு முக்கியமில்லையா?" என்றார்.

"முக்கியம்தாண்ணே. அதான் பேடு வாங்கப் போனேன்" என்று சொல்லிவிட்டு அவள் பானெட்டிலிருந்த மாலையைப் பிய்த்தெறிந்தாள், பொட்டை அழித்தாள், ஜாக்கியை வைத்தாள்.

டிஸ்க்குகளைக் கழற்றிச் சோப்பு நுரை போட்டுக் கழுவி, பெட்ரோலால் துடைத்து, மறுபடி துடைத்தாள். தணிகாசலம் குடையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"யோகராணிம்மா, மழை வரப்போகுது. உங்கள நான் கட்டாயப்படுத்தல. உங்க நல்லதுக்குத்தான் மரியாதையா சொல்றேன்."

"எங்கம்மாவக் கப்பல்ல ஏத்துனப்பவும் மரியாதையாத்தான் சொன்னாங்க சார். பிஸ்கட்டுகூடக் குடுத்தாங்களாம்." அவள் நிமிரவில்லை. "வெளிச்சத்த மறைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் சக்கரம் கழன்று கிடக்க, காலிபர் கயிற்றில் தொங்க, அப்போது மழை இறங்கியது. தெரு அசைந்தது. பேச்சாயி காருக்கு ஓடினாள்.

"பெடலத் தொடாத!" யோகராணி அலறினாள். "காலிபர் கழட்டிக் கெடக்கு. இப்ப மிதிச்சா பிஸ்டன் வெளிய வந்துரும், அப்புறம் ஒண்ணுமில்ல!"

நிறுத்தத் தெரிந்த ஒன்றை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற கொடுமை வேறில்லை. தெரு இறங்க இறங்க, ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய, மூட்டைகளோடு பெண்கள் ஓலமிட, அவள் பேடை வைத்தாள், காலிபரைப் பூட்டினாள், போல்ட்டை முறுக்கினாள். பேச்சாயியும் ஒரு கைக்காரரான மரியசெல்வமும் ஆளுக்கொரு பக்கம் முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி மாட்டினார்கள். நட்டுகள் இறுகின, கார் தரையைத் தொட்டது, யோகராணி உள்ளே பாய்ந்து மிதித்தாள். பெடல் எந்தத் தடையுமில்லாமல் அடிவரைக்கும் போனது.

தெரு முழுக்க ஒரே குரலாக ஐயோ என்றது. சிலர் பஸ்ஸைப் பார்த்து ஓடினார்கள். அவள் காலை எடுத்து மறுபடி மிதித்தாள், போனது, மறுபடி மிதித்தாள், கொஞ்சம் தடுத்தது. பிறந்ததிலிருந்து தன்னை இறங்கச் சொன்ன ஒவ்வொருவர் மேலும் இருந்த ஆத்திரம் எல்லாம் அந்த ஒரு பாதத்தில் இறங்க, வாடி, வாடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பெடல் இறுகியது. மண் ஒரு தடவை நடுங்கியது. வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி அப்படியே நின்றன.

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. பஸ் படியில் ஏறியவர்கள் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள்.

தணிகாசலத்துக்கு மூச்சு வந்ததும் முதலில் சொன்னார், "அதுவா நின்னிருக்கு. ஆனா எப்பவும் இப்படி அதிர்ஷ்டம் இருக்காது. எல்லாரும் வாங்க, பஸ்ல ஏறுங்க."

"அதுவாவா நின்னுச்சு?" யோகராணி கார்க் கண்ணாடியை இறக்கினாள். "சரி சார், அப்ப செருப்பக் கழட்டிட்டு இங்க வாங்க."

"எதுக்கும்மா?"

"அதுவா நின்னதுன்னா நீங்க உக்காந்தா என்ன கொறஞ்சுபோகும்? வாங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் குடையை மடக்கி, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, அவளை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்து, அவள் காலை ஒட்டித் தன் காலை வைத்தார். அவள் தன் காலை மெதுவாக உருவிக்கொண்டு மறுபக்கக் கதவு வழியாக இறங்கினாள்.

அவர் பாதத்துக்கு அடியில் தெரு இழுத்தது. அடுப்புகளும் தொட்டில்களும், இடிந்த கடையும், வாசல்களில் மழையோடு நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் சேர்ந்த கனம் அந்த ஒற்றைப் பெடலில் வந்து முட்டியது, கட்டுத்தறியில் மாடு இழுக்கிற மாதிரி. தணிகாசலத்தின் முகம் வெளுத்தது.

"யோகராணிம்மா, இது... நான் எப்ப காலை எடுக்கணும்?"

அவள் மழையில் நனைந்துகொண்டு, எண்ணெயும் கரியுமான கைகளை இடுப்பில் வைத்தபடி, காருக்கு முன்னால் போய் நின்றாள். ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். பேச்சாயி வந்தாள், மரியசெல்வம் கட்டுப்போட்ட கையோடு வந்தார், மூட்டை கட்டியவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

"எப்ப வேணும்னாலும் எடுங்க சார்" என்றாள் யோகராணி. "எங்கள எறக்குறதுக்குத்தான வந்தீங்க? காலை எடுங்க, எறங்கிருவோம். நாங்களா எறங்க மாட்டோம்."

கீழே பஸ்காரர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள். தணிகாசலம் கண்ணாடி வழியாக எதிரே நின்றவர்களைப் பார்த்தார், அவர்களும் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது காலையும் தூக்கி வலது காலின் மேல் வைத்து அழுத்தினார்.